ஸ்மார்ட் டிவி, ஸ்பீக்கர் வாங்கியதும் நாம் செய்யும் தவறுகள்

புது டிவியை மாட்டியவுடன் திரையில் வரிசையாகக் கேள்விகள் வரும். சீக்கிரம் படம் பார்க்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகிறோம். முதல் தவறே இதுதான். வீட்டுத் தகவல் வெளியே போகலாமா என்று அங்கேதான் கேட்கிறார்கள்.

அடுத்த தவறு, வசதியின் பெயரைப் பார்த்து நம்புவது. அமெரிக்காவில் விஜியோ நிறுவனத்தின் டிவிகளில் 2014 முதல் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’ என்று ஒன்று இருந்தது. நிகழ்ச்சிப் பரிந்துரைகள் தரும் என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆனால் அது திரையில் தெரியும் படத்தின் சில புள்ளிகளை நொடிக்கு நொடி எடுத்து சர்வருக்கு அனுப்பியது. அங்கே ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால், அந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கேபிள், டிவிடி, எதைச் செருகிப் பார்த்தாலும் தப்பாது. இப்படி 1.1 கோடி டிவிகளில் எடுத்த தகவலை வெளி நிறுவனங்களுக்கு விற்றார்கள். 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். இத்தனை வீடுகளின் அந்தரங்கத்துக்கு இது மிகக் குறைந்த விலை என்பேன்.

இந்தத் தொழில்நுட்பம் இன்றும் பல டிவிகளில் இருக்கிறது. சாம்சங் என்றால் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜி என்றால் ‘லைவ் பிளஸ்’ என்று செட்டிங்ஸில் தேடி அணையுங்கள். செட்-டாப் பாக்ஸில் மட்டும் பார்ப்பவர்கள் டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டே கொடுக்க வேண்டாம்.

“மெஷின்தானே பார்க்கிறது” என்று நினைப்பதும் தவறு. ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்க, படங்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, இது நாற்காலி, இது நாய் என்று குறிக்க வேண்டியிருக்கிறது. ரூம்பா என்ற துடைப்ப ரோபோவின் சோதனை மாடல் 2020-ல் எடுத்த படங்கள் அப்படித்தான் வெனிசுலாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்களிடம் போய், இணையத்தில் கசிந்தன. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. அவை விற்பனைக்கு வந்த ரோபோக்கள் அல்ல, சோதிக்க ஒப்புக்கொண்டவர்களின் வீடுகளில் ஓடியவை. ஆனால் தங்கள் படம் அவ்வளவு தூரம் போகும் என்று அவர்களில் யார் நினைத்திருப்பார்கள்?

சரி, பதிவான தகவலை அழித்துவிட்டால் போதுமா? பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும், ஸ்மார்ட் ஸ்பீக்கரில் பதில் சொல்லும் அலெக்ஸாவிடம் குழந்தைகள் பேசியதன் எழுத்து வடிவத்தை அமேசான் முழுதாக அழிக்கவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-ல் 2.5 கோடி டாலர் அபராதம். அதனால் குழந்தைகள் அறையில் இந்த ஸ்பீக்கர் வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்புறம், ஒருமுறை மாற்றிய செட்டிங் அப்படியே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். குரல் பதிவை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ள அமெரிக்காவில் அமேசானின் சில எக்கோ ஸ்பீக்கர்களில் ஒரு வழி இருந்தது. புது ஏஐ அலெக்ஸா வருகிறது என்று 2025 மார்ச் 28-ல் அதை எடுத்துவிட்டார்கள். பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் பிரைவசி பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கர் தேவைப்படாத நேரத்தில் மைக் பட்டனை அணைத்து வையுங்கள்.