சியாங் மாய்க்கு மறுபடியும் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் என் சித்தப்பா மகன் ஃபோன் செய்தான். வயது 58, விருப்ப ஓய்வு வாங்கி ஆறு மாதம் ஆகிறது. "அண்ணே, மார்ச் பத்தாந்தேதிக்கு சியாங் மாய் டிக்கெட் பாதி விலையில கிடக்கு. ரூமும் ஒரு மாசத்துக்கு மொத்தமா எடுத்தா சல்லிசா தர்றாங்க. போட்டுடவா?" என்றான். நான் "போடாதே" என்று போட்ட சத்தத்தில் அவனே ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் சொன்ன அதே கணக்கை, அதே ஊருக்கு, அதே மாதத்துக்கு, கிட்டத்தட்ட அதே தேதியில் நான் 2023-இல் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வடக்குத் தாய்லாந்தில் இருக்கும் அந்த ஊருக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் தனியாக, முதுகில் ஒரே ஒரு பையோடு. 2009 டிசம்பரில் முதல் முறை. அப்போதே அந்த ஊர் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1296-இல் மங்ராய் அரசர் எழுப்பிய ஊர் அது, அன்றைய லான்னா அரசின் தலைநகர். சதுரமாக அகழி சூழ்ந்த பழைய ஊர், ஒரு பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், முழுக்க நடந்தே பார்த்துவிடலாம். அப்புறம் 2023 மார்ச். கடைசியாக 2024 டிசம்பர். இந்தக் கடைசிப் பயணத்தில்தான் என் வயதை ஒட்டிய நம்மவர்கள் பலரைப் பார்த்தேன். எல்லாரும் இரண்டாவது, மூன்றாவது முறையாக வந்தவர்கள், ஏறக்குறைய எல்லாரும் நான் முன்பு செய்த தவறையே வரிசையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் நகல் எடுத்து வையுங்கள், சிம் கார்டு வாங்குங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்த ஊர்தானே என்ற தைரியத்தில் செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

மார்ச்சில் போவது

என் முதல் பயணத்தில் விடுதியின் மாடி வராந்தாவில் காலையில் நின்றால் மேற்கே தொய் சுதேப் மலை தெரியும். மலைமேல் கோயில் ஒரு தங்கப் புள்ளியாக மின்னும். பதின்மூன்று வருடம் மனதில் இருந்தது அந்தக் காட்சிதான். 2023-இல் அதே விடுதியைத் தேடிப் பிடித்தேன். தேக்கு மரவீடு, ஒரு நாளைக்கு 650 பாட் (தாய்லாந்து நாணயம்), 28 இரவு மொத்தமாக எடுத்தேன், பணம் திருப்பித் தரமாட்டோம் என்ற நிபந்தனையோடு. வானிலையைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். வெயில், 36 டிகிரி, மழை இல்லை என்று இருந்தது. வெயில் நமக்குப் புதிதா என்று பணத்தைக் கட்டினேன்.

போய் இறங்கிய மறுநாள் காலை அதே வராந்தாவுக்கு வந்து பார்த்தால் மலையே இல்லை. மேற்குப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். எட்டு மணிச் சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது, ஆரஞ்சுச் சுளை நிறத்தில் வட்டமாகத் தொங்கியது. வராந்தாவில் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் விரலை வைத்து இழுத்தேன், விரல் நுனி கருத்தது. நாற்காலிக் கையின் ஓரத்தில் எரிந்த மூங்கில் இலை ஒன்று முழு வடிவத்தோடு சுருண்டு கிடந்தது, நரம்புகூடத் தெரிந்தது, தொட்டதும் பொடிந்துவிட்டது.

இது ஏதோ ஒரு வருடம் நடந்த விபத்து இல்லை. ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, சில வருடம் அதற்கு மேலும், இதுதான் நிலைமை. சியாங் மாய் பிங் ஆற்றின் பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் மலை. மலைச்சரிவுகளில் கால்நடைத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுகிறார்கள். அறுவடை முடிந்து நிற்கிற தட்டையை அழிக்க, டிராக்டர் ஏற முடியாத சரிவில், தீ வைப்பதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வழி. காட்டில் சருகு குவிந்து கிடக்கும், அதையும் எரிப்பார்கள். எரித்த தரையில் ஒருவகைக் காளான் நன்றாக முளைக்கும், நல்ல விலைக்குப் போகும் என்ற நம்பிக்கையும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரின் ஷான் மாநிலத்திலும் லாவோஸிலும் எரிவது காற்றோடு இங்கே வரும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்கிவிட, அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். புகை எங்கேயும் போக வழியில்லை, ஊருக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும்.

காற்றில் உள்ள நுண்துகளை, அதாவது பி.எம். 2.5-ஐ, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மார்ச்சில் சியாங் மாயில் அதைப்போல் பத்து மடங்கைத் தொட்ட நாட்கள் உண்டு. உலகிலேயே காற்று மோசமான பெருநகரங்களின் பட்டியலில் பல நாள் முதல் இடத்தில் நின்றது. எனக்கு அப்போது 62 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். மூன்றாம் நாள் கண் எரிச்சல், நான்காம் நாள் இருமல். துணி மாஸ்க் கட்டிக்கொண்டு நடந்தேன், அது இந்தத் துகளுக்குப் பெரிய தடை இல்லை, என்-95 வேண்டும் என்பதைக்கூட மருந்துக்கடைக்காரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பிடித்த அந்த மரவீடுதான் இதற்கு மிக மோசமான இடம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி, கண்ணாடிச் சட்டம் அடுக்கிய ஜன்னல் எதுவும் முழுதாக மூடாது. படுக்கையில் தலையணை உறையிலேயே புகை வாடை.

அப்புறம் அதற்குள்ளேயே இன்னொரு தவறு செய்தேன். மலை மேலே போனால் காற்று நன்றாக இருக்கும் என்று நினைத்து, பாய் என்ற சிற்றூருக்கு வேன் ஏறினேன். 762 வளைவு அந்தச் சாலையில். ஊர் முழுக்க டி-சர்ட்டில் அந்த எண்ணை அச்சடித்து விற்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினால் அங்கேயும் அதே சாம்பல் வானம். பாய், மே ஹோங் சோன், சியாங் ராய் எல்லாமே அதே புகைக்குள்தான் இருக்கின்றன. இரண்டு நாளில் திரும்பினேன். ஒன்பது இரவோடு மூட்டையைக் கட்டினேன். மீதி 19 இரவுக்கு 12,350 பாட் போனது, அன்றைய கணக்கில் சுமார் முப்பதாயிரம் ரூபாய். டிக்கெட் தேதி மாற்றிய செலவு தனி. விடுதிக்காரர் வருத்தப்பட்டார், பணம் தரவில்லை. ஊருக்கு வந்தும் இருமல் ஐந்து வாரம் விடவில்லை.

பணத்தைவிட என்னை எரிச்சல்படுத்துவது, இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதுதான். தேடிப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. டிக்கெட் ஏன் அந்த மாதம் மட்டும் மலிவு, அறைக்காரர் ஏன் ஒரு மாதத்துக்குச் சல்லிசாகத் தருகிறார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நம்மவர்கள் இதில் மாட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பேரன் பேத்திகளுக்குப் பள்ளி விடுமுறை, நமக்குச் சித்திரை முதல் நாள், அவர்களுக்கு ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு, எல்லாம் ஒன்றாக வருவதால் அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போய்த் தங்கலாம் என்று கிளம்புகிறார்கள். அந்த இரண்டு வாரம்தான் பெரும்பாலும் உச்சம்.

தேதி போடுமுன் மூன்று வேலை செய்யுங்கள். கடந்த சில வருடங்களில் அதே வாரங்களில் பி.எம். 2.5 எவ்வளவு இருந்தது என்று காற்றுத்தரச் செயலியில் பாருங்கள், இன்றைய அளவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தைத் திறந்தால் செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகள் சிவப்பாகத் தெரியும். மார்ச்சில் வடக்குத் தாய்லாந்தும் அதன் எல்லைகளும் அம்மை போட்ட உடம்புபோல் இருக்கும், அதற்கு விளக்கமே வேண்டாம். மூன்றாவது, எந்த அறையானாலும் முதல் மூன்று நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள், இடம் பிடித்திருந்தால் நேரில் பேசி நீட்டித்துக்கொள்ளலாம். நேரில் பேசினால் விலை குறைந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே மார்ச்சுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றால், பாங்காக்கில் இறங்கித் தெற்கே கிராபி, திராங் பக்கம் போங்கள். பிடிவாதமாக சியாங் மாய்தான் என்றால் கான்கிரீட் கட்டடம், நன்றாக மூடுகிற ஜன்னல், அறையிலேயே காற்றுச் சுத்திகரிப்பான். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

செப்டம்பர், அக்டோபரில் ஆற்றங்கரை அறை

வேண்டாம். 2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு பெருகி சாங் க்ளான் சாலை, இரவுச் சந்தை வரை தண்ணீர் நின்றது.

பழைய நினைவை நம்பி ரயில் பிடிப்பது

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு ரயிலில் 751 கிலோமீட்டர், இரவு வண்டிதான் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. 2009-இல் ஹுவா லம்போங் நிலையத்தில் ஏறினேன். 2024-இல், வழி தெரியும் என்ற நினைப்பில், யாரையும் கேட்காமல் நேராக அங்கேயே போய் நின்றேன். நிலையம் இருந்தது, என் வண்டி இல்லை. தொலைதூர வண்டிகள் 2023 ஜனவரி 19 முதல் பாங் சூ பகுதியில் உள்ள குருங் தேப் அபிவத் நிலையத்துக்கு மாறிவிட்டன. நல்ல வேளையாக இரண்டையும் எம்.ஆர்.டி. மெட்ரோவின் நீலப் பாதை இணைக்கிறது, மூச்சு வாங்க ஓடி, பதினைந்து நிமிடம் மிச்சம் வைத்து ஏறினேன். டிக்கெட்டில் நிலையத்தின் பெயர் அச்சாகியிருக்கும், அதைப் படியுங்கள்.

கீழ் பெர்த்தே எடுங்கள். மேல் பெர்த்தைவிட அகலம், ஜன்னலும் உண்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிற வயதில் ஏணி தேவையில்லை.

விசாவும் அப்படித்தான். முன்பெல்லாம் இந்தியர்களுக்குப் போய் இறங்கி வாங்கும் 15 நாள் விசா. 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள், 2024 ஜூலையில் 60 நாள். விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புகிற வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். விமானத்தில் நிரப்புகிற பழைய வருகைச் சீட்டுக்குப் பதிலாக 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

ஸ்கூட்டர்

நாற்பது வருடம் வண்டி ஓட்டியவன் நான், அங்கே எடுப்பதில்லை. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இரு சக்கர வாகனத்துக்கான முத்திரை இல்லையென்றால், விபத்து நடந்த அன்று உங்கள் பயணக் காப்பீடு கையை விரித்துவிடும். 60 வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் ஆகிற செலவைச் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்கு ஈடாக பாஸ்போர்ட்டையே கேட்கிற கடைகளும் இருக்கின்றன, எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் சிவப்பு சோங்தேவ். பின்னால் இரண்டு வரிசை இருக்கை போட்ட பிக்கப் வண்டி, பெயருக்கே இரண்டு வரிசை என்றுதான் அர்த்தம். கையை நீட்டி நிறுத்தி, இடத்தைச் சொன்னால், போகிற வழியாக இருந்தால் தலையாட்டுவார். பழைய ஊருக்குள் ஆளுக்கு 30 பாட் அளவில்தான். ஏறுமுன் "எவ்வளவு" என்று நீட்டி முழக்கிக் கேட்டால் தனி வாடகை என்று நினைத்துப் பெரிய தொகை சொல்வார், நான் இடத்தை மட்டும் சொல்லி ஏறிவிடுவேன்.

ஏ.டி.எம்.மில் "கன்வெர்ஷன்" ஒப்புக்கொள்வது

பாட்டை ரூபாயாக மாற்றிக் கணக்கில் பிடித்துக்கொள்ளட்டுமா என்று இயந்திரம் கேட்கும், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ கட்டணம் வேறு பிடிப்பார்கள், அதனால் மொத்தமாக எடுங்கள்.

தூக்க மாத்திரை

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால் போன்றவை அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மாத்திரை அதன் அட்டையிலேயே. பல மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகிற பழக்கத்தை வீட்டோடு விட்டுவிடுங்கள்.

சைவக்காரர்கள் "நோ மீட்" என்று சொல்லி நிறுத்துவது

மீன் சாறு அவர்களுக்கு நம் உப்பு மாதிரி, அதை யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரின் பெயர்பெற்ற காவ் சோய் நூடுல்ஸின் குழம்பும் பெரும்பாலும் கோழியிலோ மாட்டிறைச்சியிலோ கொதித்ததுதான். "மங்சவிரத்" என்று சொல்லிப் பாருங்கள், மாம்ச விரதிதான் அந்தச் சொல், நம் காதுக்கே புரியும். ஆனால் அதில் முட்டை வரலாம். முழுக்கச் சுத்தமாக வேண்டுமானால் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோல் தெரியும். அந்தக் கொடி தொங்கும் கடையில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை.

தொய் சுதேப் படிகளை மதியம் ஏறுவது

முந்நூறுக்கும் மேல் படி. காலை ஏழுக்குப் போங்கள். முட்டி ஒத்துழைக்காதவர்களுக்கு மேலே போக இழுவை வண்டி இருக்கிறது, தயங்காமல் ஏறுங்கள்.

ஞாயிறு சந்தைக்கு எட்டு மணிக்குப் போவது

எட்டு மணிக்கு ராட்சதம்னோன் சாலையில் கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், ஒரு கடையிலும் நிற்க முடியாது. ஐந்துக்கே தா பே வாசலிலிருந்து தொடங்கினால் நெய்பவரிடம் பேசலாம், கோயில் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும், தெரு முழுக்க அப்படியே நின்றுவிடும். பணம் எண்ணிக்கொண்டிருந்த கை, தட்டில் பாதி திருப்பிய சாய் உவா தொத்திறைச்சி, எல்லாமே. விஷயம் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாள் வந்தவர்கள், நீங்கள் மறுபடி வந்தவர், நில்லுங்கள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் லேசாகத் தலை குனிவார்கள், அடுத்த நொடி தெரு மறுபடி நகரும்.