லைட்ஹவுஸில் 100 வாங்கியும் கடிதம் வந்தது: பிரிட்டன் பொதுத்துறைத் தளங்களுக்கான அணுகல்தன்மை விதிகள்

பிரிட்டனில் ஒரு சின்ன கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) இணையதளத்தைப் பராமரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வாரமே, இணையதளங்களைத் தானாகச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் ஓட்டிப் பார்த்தேன். அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவதற்கு, நூற்றுக்கு 100. அந்தச் சந்தோஷத்தில் "இந்தத் தளம் முழுமையாக இணங்குகிறது" என்று ஓர் அறிக்கை எழுதி ஏற்றிவிட்டேன். கொஞ்ச நாளில் அரசின் கண்காணிப்புக் குழுவிடமிருந்து பிழைப் பட்டியலோடு மின்னஞ்சல் வந்தது. திருத்த 12 வாரம் அவகாசம். அந்த 12 வாரத்தில் நான் கற்றதுதான் இந்தப் பதிவு. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் தளம் சட்டத்துக்குள் வருகிறதா?

பொதுத்துறைத் தளங்கள், செயலிகளின் அணுகல்தன்மைக்கான சட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறைகள், கவுன்சில்கள், என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) அமைப்புகள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் உள்ளே. பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் வெளியே. பள்ளிகளுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு, ஆனால் அத்தியாவசிய நிர்வாகச் சேவைகளுக்குக் கிடையாது. மொபைல் செயலிகளுக்கான கெடுவே 2021 ஜூன் 23-இல் முடிந்துவிட்டது. "எங்களுக்கு எப்போதிலிருந்து?" என்று இன்னும் யாராவது கேட்டால் பதில்: ஏற்கெனவே.

படி 2: எந்தத் தரம்?

டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச அணுகல்தன்மை விதித்தொகுப்பின் 2.2 பதிப்பு, ஏஏ நிலை (ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்றில் நடு நிலை). இது 2023 அக்டோபரில் வெளியானது. 2024 அக்டோபரிலிருந்து கண்காணிப்பும் இதை வைத்துத்தான். பழைய 2.1 சரிபார்ப்புப் பட்டியல் கையில் இருந்தால், ஏ, ஏஏ நிலைகளில் புதிதாக வந்த ஆறு விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மவுஸைக் கழற்றுங்கள்

சும்மா சொல்லவில்லை, கேபிளை உருவிவிடுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கள் முகப்பில் ஏழாவது அழுத்தலில் ஃபோகஸ் (இப்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் அடையாளம்) காணாமல் போனது. தேடினால், பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த குக்கீ பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, "குப்பை எடுக்கும் நாள்" இணைப்பு. கோடிங்கில் தவறே இல்லை, அதனால்தான் லைட்ஹவுஸுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்கு அந்த இணைப்பு தெரியாது. 2.2-இன் புதிய விதிகளில் ஒன்று இதையேதான் பிடிக்கிறது. பட்டையின் உயரத்துக்கு ஸ்க்ரோல்-பேடிங்-பாட்டம் கொடுத்ததும் சரியானது.

அடுத்து தேதி தேர்வு செய்யும் காலண்டர். உள்ளே போனால் வெளியே வர முடியவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு அதைத் தூக்கி எறிந்தேன். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகள் போதும். அரசின் சொந்த வடிவமைப்புத் தொகுப்பிலும் தேதிக்கு அந்த மூன்று பெட்டிகள் இருக்கின்றன.

கருவிகளில் என் தேர்வு: தானியங்கிச் சோதனைக்கு ஆக்ஸ், ஸ்கிரீன் ரீடருக்கு (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) இலவசமான என்விடிஏ. செயலி என்றால் ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் என்ற இரண்டு ஸ்கிரீன் ரீடர்களையும் உண்மையான போனில் பாருங்கள், எமுலேட்டரில் வேண்டாம். "ஒரே வரி கோடில் அணுகல்தன்மை" என்று விற்கிறார்களே, தளத்தின் மேல் ஒட்டவைக்கும் அந்த ஓவர்லே சமாச்சாரத்தை வாங்காதீர்கள். கீழே உள்ள ஓட்டை அப்படியே இருக்கும், மேலே பெயின்ட் மட்டும்.

படி 4: அறிக்கை (நான் சறுக்கிய இடம்)

அணுகல்தன்மை அறிக்கையை நான் விளம்பரம் மாதிரி நினைத்துக்கொண்டேன். உண்மையில் சட்டம் கேட்பது குறைகளின் பட்டியலை. முழுமையாக, பகுதியாக, இணங்கவில்லை என்ற மூன்று நிலைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தளங்களுக்கு நேர்மையான பதில் "பகுதியாக". எழுதுவதற்கு அரசே ஒரு மாதிரி வைத்திருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் நடையைக் காட்ட இது இடமில்லை.

"சில பகுதிகளில் சிக்கல் இருக்கலாம்" என்று எழுதினால் செல்லாது. எந்தப் பக்கம், யாருக்கு என்ன தடை, எந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி, எப்போது சரியாகும் என்று எழுத வேண்டும். இப்படி: "திட்ட அனுமதி வரைபடங்களுக்கு மாற்று உரை இல்லை. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோருக்கு அவற்றின் தகவல் கிடைக்காது. விதி 1.1.1." கூடவே, தளத்தை எப்படிச் சோதித்தீர்கள், என்றைக்கு எழுதினீர்கள், குறை சொல்ல யாரைத் தொடர்புகொள்வது, அங்கும் தீராவிட்டால் எங்கே போவது என்பதும் இருக்க வேண்டும். வட அயர்லாந்துக்குத் தனி ஆணையம். மற்ற மூன்று நாடுகளுக்கும் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம். செயலிக்கு இந்த அறிக்கை உங்கள் தளத்திலோ ஆப் ஸ்டோர் பக்கத்திலோ இருந்தால் போதும்.

இங்கே இன்னொரு பொறி. "அளவுக்கு மீறிய சுமை" என்று ஒரு விலக்கு இருப்பதைப் பார்த்ததும் என் மேலாளர் முகம் மலர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் செலவு எவ்வளவு, மாற்றுத்திறனாளிப் பயனர்களுக்குப் பயன் எவ்வளவு என்று மதிப்பீடு செய்திருக்க வேண்டும். "நேரம் இல்லை", "தெரியாது" என்பதெல்லாம் காரணமாகாது. தவிர, 2010-இன் சமத்துவச் சட்டம் இந்த விலக்கால் மறைந்துவிடுவதில்லை. பெரிய எழுத்தில் படிவம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், நியாயமான மாற்றத்தைச் செய்து கொடுக்கத்தான் வேண்டும்.

படி 5: பழைய பிடிஎஃப்

2018 செப்டம்பர் 23-க்கு முன் ஏற்றிய ஆவணங்களுக்கு விலக்கு உண்டு. பழைய கூட்டக் குறிப்புகளை அப்படியே விட்டோம். ஆனால் அதே கோப்புறையில் 2016-இல் ஸ்கேன் செய்த ஒரு பார்க்கிங் விண்ணப்பம் இருந்தது. மக்கள் இன்றைக்கும் அதைத்தான் நிரப்புகிறார்கள். சேவையைப் பெறத் தேவை என்றால் வயது கணக்கில்லை. அதை வலைப் படிவமாக மாற்றினோம்.

பின்சேர்க்கை: "பணம் கட்டும் பக்கம் வேறு நிறுவனத்துடையது, அதுவும் எங்கள் பொறுப்பா?" என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேவை என்றால் ஆமாம். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத, நீங்கள் பணம் கொடுக்காத, உருவாக்காத உள்ளடக்கத்துக்கு மட்டும்தான் விலக்கு. எங்கள் விற்பனையாளரிடம் பிழைகளை எழுத்தில் அனுப்பி, திருத்தும் தேதி வாங்கி, அதை அறிக்கையில் போட்டுவிட்டேன். அடுத்த ஒப்பந்தத்தில் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 ஏஏ என்று ஒரு வரி சேர்த்தாயிற்று.