எட்டு நிமிட மெட்டல் (கனத்த ராக்) பாட்டை ஊர் கேட்கிற பாட்டாக்குவது எப்படி?

சோமனூர்ப் பக்கம், ஓட்டம் நின்றுபோன ஒரு தறிக்குடோனில்தான் எங்கள் இசைக்குழு பயிற்சி எடுக்கிறது. பக்கத்துக் குடோனில் இராப்பகலாகத் தறி ஓடுவதால், நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் கேட்க வரமாட்டார்கள். வசதியும் அதுதான், வருத்தமும் அதுதான். ஒரு கல்லூரி விழாவில் எங்கள் எட்டு நிமிடப் பாட்டை வாசித்தபோது, நாலாவது நிமிடத்தில் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது.

அந்தப் பாட்டை நாலரை நிமிடமாக்கிய கதைதான் இந்தச் செய்முறை. பாட்டின் கனத்தில் கை வைக்கவே வேண்டாம். நெரிசலை மட்டும் குறைக்கப் போகிறோம். கிட்டார், பேஸ் (கீழ்ச்சுரங்களுக்கான கிட்டார்), ஒரு மடிக்கணினி, அதில் ரீப்பர் மாதிரி ஒரு பதிவு மென்பொருள் (60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்), இவை இருந்தால் போதும். உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு ரிஃப் மட்டும்

ரிஃப் என்பது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கு. உங்கள் பாட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். எங்கள் பாட்டில் பதினொன்று இருந்தது. பிறகு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் வாயால் முனகிப் பாருங்கள். முனக வராத ரிஃப், கேட்பவர் மனதிலும் நிற்காது. தேறுகிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வேறு பாட்டுக்கு எடுத்து வையுங்கள்.

அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா செய்ததும் இதைத்தான். 1988-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தொடும். சிக்கலான திருப்பங்கள், மாறிக்கொண்டே இருக்கும் தாளம். மேடையில் அதை வாசித்து அவர்களுக்கே அலுத்துப்போனது. 1991-ல் பாப் ராக் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து செய்த கறுப்பு அட்டை ஆல்பத்தில் எல்லாம் சுருங்கியது. அதன் முதல் பாட்டான ‘என்டர் சாண்ட்மேன்’ கிட்டத்தட்ட முழுக்க ஒரே ரிஃப்பின் மேல்தான் நிற்கிறது. கிட்டார்காரர் கர்க் ஹாமெட் கொண்டுவந்த ரிஃப்பைக் கேட்ட டிரம்மர் லார்ஸ் உல்ரிக், அதன் முதல் பகுதியை இன்னும் சில தடவை திருப்பி வாசிக்கச் சொன்னார். இன்று உலகமே முனகுவது அந்தத் திருப்பத்தைத்தான்.

படி 2: வேகம்

எங்கள் பாட்டு நிமிடத்துக்கு 190 தட்டில் ஓடியது. 140-க்கு இறக்கினோம். ‘என்டர் சாண்ட்மேன்’ 123-தான். மெட்ரோனோமை (தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி) பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாசியுங்கள். ரிஃப்பில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

பல்லவியில் இன்னொரு வேலை இருக்கிறது. நாலு எண்ணிக்கையில் 2-லும் 4-லும் விழும் ஸ்நேர் டிரம்மின் அடியை 3-ல் மட்டும் விழ வையுங்கள். வேகம் மாறாமலே பாட்டு பாதி வேகத்தில் நடப்பதுபோலத் தோன்றும், தலை தானாக ஆடும். இரண்டு காலாலும் பெரிய டிரம்மை அடிக்கிற டபுள் பெடலைக் கடைசிப் பல்லவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் டிரம்மர் தம்பி, “ஏனுங்ணா, அதையும் எடுத்துட்டா எனக்கு என்ன வேலைங்?” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

படி 3: கெயினைக் குறையுங்கள்

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கிட்டாரைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷனைக் குறைத்தால் கிட்டார் இன்னும் கனமாகக் கேட்கும். அந்தக் கரகரப்பைக் கூட்டுகிற கெயின் குமிழ் 8-ல் இருந்தால் 5-க்குக் கொண்டுவாருங்கள். அதே ரிஃப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்துப் பதிந்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் வையுங்கள். ஒன்றையே நகலெடுத்துப் போட்டால் இந்த அகலம் வராது.

நடுப்பகுதி ஒலிக்கான மிட் குமிழைப் பூச்சியத்தில் வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கோயில் நோம்பிக்குக் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அதில் கனத்த அடி ஒலி துளிகூட வராது, இருந்தும் பாட்டு அடுத்த ஊர் வரை போகிறது. போவது நடுப்பகுதி ஒலிதான். போன் ஸ்பீக்கரும் அப்படித்தான்.

படி 4: பேஸ்

கிட்டார் டிராக்கில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடி ஒலியை வெட்டிவிடுங்கள். அந்த இடம் பேஸுக்கும், காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கும். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் காதிலேயே விழாது என்பது இன்றுவரை ரசிகர்களின் தீராத புகார்.

படி 5: குரல்

இங்கேதான் நண்பர்களுக்குள் சண்டை வரும். தொண்டையால் உறுமிப் பாடுவதைக் கைவிட்டால் அது மெட்டலே இல்லை என்பார்கள். ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓப்பெத் 2003-ல் ‘டாம்னேஷன்’ என்று ஓர் ஆல்பம் முழுவதையும் ஓர் உறுமல்கூட இல்லாமல் வெளியிட்டது. அதனால் அவர்களை யாரும் மெட்டல் உலகத்திலிருந்து தள்ளிவைக்கவில்லை. எங்களுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. சரணத்தில் உறுமல், பல்லவியில் பாட்டு என்று பிரித்துக்கொண்டோம்.

தமிழில் பாடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எங்கள் பழைய பல்லவி “இருள்கடல் பிளந்தெழும் வெறிப்பிணம்” என்று இருந்தது. உறுமும்போது பிரமாதம். பாடிப் பார்த்தால் ஓரிடத்திலும் குரல் நிற்கவில்லை, ஏனென்றால் அத்தனையும் குறில். இழுத்துப் பாட நெடில் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றில் குடோன் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் இப்படி மாற்றினோம்:

ஆடிக் காத்தே, ஓடி வாடா
தேடித் தேடி ஊரைச் சாடு

ஆடி, ஓடி, தேடி என்று எதுகை விழுவதால் இரண்டாவது தடவையே கூட்டம் சேர்ந்து பாடிவிடும். வல்லின எழுத்துகளைச் சரணத்துக்கு ஒதுக்குங்கள். “தறிக்கட்டை தடதடக்க” என்று உறுமினால் உள்ளங்கையால் கம்பியை அழுத்தி வாசிக்கிற கிட்டாரோடு ஒட்டிக்கொள்ளும். பல்லவி தொண்டைக்கு எட்டவில்லை என்றால் எல்லாக் கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். குரலுக்கும் சுலபம், கிட்டாருக்கும் கனம். கம்பி தொளதொளத்தால் தடிமனான செட் மாட்டுங்கள்.

படி 6: அடுக்கு

ரிஃப், சரணம், பல்லவி, சரணம், பல்லவி, சோலோ (கிட்டாரின் தனி வாசிப்பு), பல்லவி. முதல் பல்லவி ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். சோலோ 16 பாருக்கு (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை) மேல் போனால் கிட்டார்காரர் தவிர யாருக்கும் பயனில்லை. நான்தான் கிட்டார்காரன், அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 7: ஒரே ஒரு புதுமை

ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழு 1986-ல் ‘டர்போ’ ஆல்பத்துக்காக, கிட்டாரில் மின்னணு ஒலி எழுப்புகிற கிட்டார் சிந்தசைசரைக் கையில் எடுத்தது. பாரடைஸ் லாஸ்ட் என்ற இன்னொரு குழு 1999-ல் ‘ஹோஸ்ட்’ ஆல்பத்தில் மின்னணு இசைக்கே தாவியது. நாங்கள் உறுமி மேளத்தை எடுத்தோம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல், பேஸ் உட்காரும் இடத்திலேயே வந்து உட்காரும். இரண்டும் சேர்ந்தால் குழம்பிவிடும். அதனால் உறுமி வருகிற 8 பாரில் பேஸுக்கு ஓய்வு.

உறுமி அடிக்க வந்த அண்ணனுக்கு மெட்ரோனோம் ஒத்துவரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “நா அடிக்கறன், நீங்க பின்னால வாங்க கண்ணு” என்றார். அப்படியே பதிந்தோம். பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

படி 8: மெட்டல் கேட்காத ஒருவரிடம் கொடுங்கள்

போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள், கருத்துக் கேட்காதீர்கள். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது பல்லவியில் கால் கட்டைவிரல் ஆடியது. “இப்பத்தான் பாட்டாட்ட இருக்குது” என்றவர், உறுமி முடிந்ததும் ஏன் நிறுத்திவிட்டோம் என்று கேட்டார். அந்த 8 பாரை 16 ஆக்கிவிட்டோம்.

அப்புறம், பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். வேறு பெயரில் சேமித்து வையுங்கள். சனிக்கிழமைப் பயிற்சி முடிகிற நேரத்தில், டிரம்மர் தம்பிக்காக அந்த எட்டு நிமிடத்தையும் 190-லேயே ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் நாங்கள் குடோனைப் பூட்டுகிறோம்.