ஃபெரிட்டின் "நார்மல்" என்று எழுதும் முன்

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவும், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புத்தம் புதிதாகச் செய்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர் "மறதி ஜாஸ்தியா இருக்கு, கணக்கே ஓட மாட்டேங்குது" என்றால் ரத்தசோகையையும் இரும்பு அளவுகளையும், குறிப்பாக இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினையும், பார்க்க வேண்டும் என்பது இப்போது பலருக்குத் தெரிகிறது. நல்லதுதான். வந்த எண்களை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை. மறதிக்கு வேறு காரணங்களான பி12 குறைவு, தைராய்டு, சிபிலிஸ், மனச்சோர்வு இவற்றையும் பாருங்கள் என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை.

ஃபெரிட்டினை மட்டும் படிப்பது

தையல் வேலை செய்யும் ஒரு பெண். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) கட்டுக்குள், சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) நன்றாகவே இருந்தது. அளவெடுத்துவிட்டுத் துணியை வெட்டப் போவதற்குள் எண் மறந்துபோகிறது என்றார். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 9. பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்: ஃபெரிட்டின் 58, நார்மல். இரும்புக் குறைபாடு இல்லை. எச்.ஐ.வி.யால் வந்த அறிதிறன் பாதிப்பாக இருக்கலாம்.

"சி.ஆர்.பி. எங்க தம்பி?" என்றேன். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தச் சோதனை அது.

"அனுப்பலை மேடம். ஃபெரிட்டின்தான் நார்மலாச்சே."

இந்த "நார்மலாச்சே" இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும். ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம் மட்டுமல்ல; உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறுகிற புரதமும்கூட. வைரஸ் அடங்கிய பிறகும் எச்.ஐ.வி.யில் லேசான அழற்சி தொடர்வதுண்டு. அதற்குமேல் காசநோயோ கல்லீரல் கோளாறோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்காகவே இரண்டு எல்லைகள் உண்டு: ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு, தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு 70-க்குக் கீழேயே குறைபாடு. லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் எல்லை இந்த இரண்டாவது ஆளுக்கானது அல்ல.

அழற்சியில் ஐ.எல்-6 என்ற புரதம் ஏறும், கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். ஹெப்சிடின், செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் வழியான ஃபெரோபோர்டினை அழித்துவிடுகிறது. குடோனில் மூட்டை கிடக்கிறது, சாவியைக் காணோம் என்கிற கதைதான். அதனால் ஃபெரிட்டினோடு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) சி.ஆர்.பி.யும் கேளுங்கள். சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால், இருப்பு எவ்வளவு இருந்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இரும்பு போதிய அளவில் போகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு சாச்சுரேஷன் 9. ஈறில் சீழ், சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு. மூன்றையும் கவனித்த பிறகு சோர்வு போனது, கவனம் திரும்பியது. மறதி முழுக்கப் போனதா என்றால், இல்லை. ஆனால் மிச்சமிருப்பது எவ்வளவு என்று நிதானமாகச் சோதிக்க அப்போதுதான் முடிந்தது.

கேஸ் ஷீட்டில் "அறிதிறன் பாதிப்பு" என்று ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த மருத்துவர் அதைப் படிப்பார், அதற்கடுத்தவரும் படிப்பார்; ரத்தப்போக்கைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தேவையில்லாமல் மருந்தை மாற்றுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஃபெரிட்டின் 800 என்று வந்ததும் "இரும்பு கூடிப்போச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது. காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்திருந்தால் முதலில் காசநோயைத் தேடுங்கள். எண் ஆயிரக்கணக்கில் போனால் உடலெங்கும் பரவிய ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றும், எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி ரத்த அணுக்களையே விழுங்கும் ஹீமோஃபாகோசைட்டிக் நோயும் நினைவுக்கு வர வேண்டும்.

ரத்தத்தில் உள்ளதே மூளையிலும் என்று எண்ணுவது

அமெரிக்காவின் சார்ட்டர் ஆய்வில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் அறிதிறனைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ரத்தசோகை உள்ளவர்களிடம் அறிதிறன் பாதிப்பு அதிகமாகத் தென்பட்டது. அதே ஆய்வில், மூளைத் தண்டுவட நீரில் ஃபெரிட்டினின் இரு வகைக் கூறுகளில் ஒன்றான கனச் சங்கிலியும் டிரான்ஸ்ஃபெரினும் கூடுதலாக இருந்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். கனச் சங்கிலி, தீங்கு செய்யக்கூடிய இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து பத்திரமாக உள்ளே வைக்கிறது. ரத்தத்தில் நாம் அளப்பதோ பெரும்பாலும் மற்றொரு கூறான இலகுச் சங்கிலி. டோபமைன் தயாரிக்கவும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடவும் மூளைக்கு இரும்பு வேண்டும். ஆனால் அதன் கணக்கை சீரம் ஃபெரிட்டினில் பார்க்க முடியாது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபித்தவை அல்ல. "மூளைக்கு நல்லது" என்று சொல்லி, குறைபாடே இல்லாதவருக்கு இரும்பு எழுதித் தராதீர்கள்.

எம்.சி.வி.யை நம்புவது

எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. எச்.ஐ.வி. மருந்தான ஜிடோவுடின் எடுப்பவருக்கு சிவப்பணு பெரிதாகும். அவருக்கு எம்.சி.வி. 84 என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். இரும்புக் குறைபாடு கீழே இழுத்துக்கொண்டிருக்கலாம்.

காலையில் இரும்பு மாத்திரை, காலையிலேயே ரத்தம்

சீரம் இரும்பு பொய் சொல்லும். மறுநாள் வரச் சொல்லுங்கள், மாத்திரை போடாமல்.

எம்.எம்.எஸ்.இ. 28, ஆகவே சரி

இல்லை. எம்.எம்.எஸ்.இ. என்பது நினைவையும் கவனத்தையும் 30-க்கு மதிப்பிடும் பொதுச் சோதனை; எச்.ஐ.வி.யால் வரும் அறிதிறன் பாதிப்பில் முதலில் போவது பெரும்பாலும் வேகம். விரல் தட்டலும் கை அசைவு வரிசையும் உள்ள சர்வதேச எச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 12-க்கு 10 அல்லது கீழே என்றால் மேற்கொண்டு பாருங்கள்.

இரும்பை எழுதிவிட்டு நேரம் சொல்லாமல் விடுவது

வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் இரும்பு, எச்.ஐ.வி. மருந்தான டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாது. இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிர். இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து. சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.