‘புரியல’ என்று சொல்லப் பழகுங்கள்: சிங்கப்பூர் பள்ளி விடுதிக்குப் புதிதாக வரும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

சிங்கப்பூரில் முதல் மூன்று வாரம் நான் குளிரில் நடுங்கிக்கொண்டே தூங்கினேன். வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஊர் அது. ஆனால் விடுதி அறையில் ஏசி 18-இல் ஓடும். அறைத்தோழி கென்யாவிலிருந்து வந்தவள். அவள்தான் அப்படி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன பத்தமடைப் பாயைப் போர்வைக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்தேன். ஒரு ராத்திரி இருமல் தாங்காமல், “ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா?” என்று கேட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். “நீ வைத்தது என்று நினைத்து நானும் பொறுத்துக்கொண்டிருந்தேன்” என்றாள். எங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள் விட்டுப்போன எண் அது.

வாய் திறந்து கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தை உங்களுக்குக் கொஞ்சம் சுருக்கிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

எனக்குச் சேரன்மகாதேவி. பத்தாம் வகுப்பு வரை ஊரிலேயே, மாநிலப் பாடத்திட்டம். உதவித்தொகை கிடைத்து 2023 ஆகஸ்டில் சிங்கப்பூரில் ஒரு சர்வதேசப் பள்ளிக்குப் போனேன். 2025 மே மாதம் தேர்வு எழுதிவிட்டு ஊருக்கு வந்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, இங்கேயும் சாயங்காலம் அந்தக் காற்று வருகிறது. ஜூலை முதல் வாரம் ரிசல்ட். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மதிப்பெண் எப்படி வந்தாலும் நான் சொல்ல நினைப்பது மாறக்கூடாது.

நம்ம பக்கம் பிள்ளைகளை அதிகம் கேள்வி கேட்காமல் வளர்க்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கிளம்பும்போது ஆச்சி என்னிடம் சொன்னது: “ஏட்டி, போன எடத்துல வாயத் தொறக்காம இருந்தாலே பாதி நல்ல பேரு வந்துரும்.” அவள் வாழ்ந்த வீட்டில் அது உண்மையாக இருந்தது. விடுதியிலும் வகுப்பிலும் வாயைத் திறக்காத பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அல்வா கொண்டுபோங்கள், முதல் ராத்திரியே பிரித்து எல்லாருக்கும் கொடுங்கள். பெயர் தெரியாத இருபது பேரிடம் பேச அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சூயிங்கம் எடுத்துப்போகாதீர்கள், அங்கே கொண்டுவரத் தடை. வேப் என்கிற மின்சிகரெட் சட்டப்படி குற்றம், யாராவது கையில் கொடுத்தாலும் தொடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டையும் சேர்த்து வையுங்கள். ஸ்வெட்டர் ஒன்று வேண்டும், வகுப்பறை ஏசிக்கு. மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

படிப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் படித்தது ஐபி டிப்ளமோ, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியட். நம்ம பிளஸ் டூ மாதிரி இரண்டு வருஷப் படிப்பு. அதில் ஆறு பாடம். ஒவ்வொன்றும் 7 மதிப்பெண்ணுக்கு, ஆக 42. நீண்ட கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்கிற வகுப்புக்கும் சேர்த்து 3. மொத்தம் 45. டிப்ளமோ கிடைக்கக் குறைந்தது 24 வேண்டும். 500-க்கு எவ்வளவு என்று எண்ணிப் பழகிய வீட்டுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. என் முதல் கணிதத் தேர்வில் 3 வந்தது. அப்பாவிடம் போனில் சொன்னபோது, “எத்தனைக்கு?” என்று கேட்டார். “ஏழுக்கு” என்றேன். அதற்குப்பின் இரண்டு பக்கமும் பேச்சே இல்லை. இப்போது நான் சொல்வேன்: கிளம்பும் நாளுக்கு முன்பே அப்பா அம்மாவை உட்கார வைத்து இந்த 7-ஐ விளக்கிவிடுங்கள். முதல் செமஸ்டரில் 3-உம் 4-உம் வரலாம் என்றும் சொல்லிவிடுங்கள். முதல் மார்க் போனிலேயே போய் அவர்களை அடிக்க வேண்டாம்.

அடுத்தது, எனக்கு நடந்ததிலேயே மோசமானது. நம் தேர்வுகளில் புத்தகத்தில் இருக்கும் வரியை அப்படியே, கமா மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். பத்து வருஷம் அதைத்தான் நான் நன்றாகச் செய்தேன். உயிரியல் ஆய்வறிக்கை ஒன்றுக்கும் அதையே செய்தேன், எங்கிருந்து எடுத்தேன் என்று குறிப்பிடாமல். ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டார். அவர் முன்னால் இரண்டு தாள்: ஒன்று என்னுடையது, இன்னொன்று அந்தப் புத்தகத்தின் பக்கம். திருட்டு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் அறையில் அது இருந்தது. எனக்கு நிஜமாகவே புரியவில்லை. அப்போதும் நான் “சரி, சரி” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியாது. இரண்டாவது அறிக்கையிலும் அதே தவறு வந்தது, அப்போதுதான் விஷயம் பெரிதானது. முதல் நாளே “எங்கள் ஊரில் இப்படி எழுதினால்தான் சரி, இங்கே எது தவறு என்று சொல்லித்தாருங்கள்” என்று கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீங்கள் போன முதல் வாரமே மேற்கோள் காட்டுவது எப்படி என்று நூலகரிடம் கேளுங்கள். இறுதித் தேர்வுக்கான வேலையில் இதே தவறு நடந்தால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே இல்லாமல் போகலாம். டிப்ளமோவும் கையைவிட்டுப் போகலாம்.

எந்தெந்தப் பாடம் எடுப்பது என்பதையும் முதல் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். மூன்று பாடம் உயர்நிலை, மூன்று சாதாரண நிலை, ஹெச்.எல்., எஸ்.எல். என்பார்கள். ஊருக்குத் திரும்பி மருத்துவம் படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் கவனமாக இருங்கள். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபியின் வழக்கமான அமைப்பில் மூன்று அறிவியலும் சேர்ந்து அமையாது, அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒருங்கிணைப்பாளரிடம் முதல் நாளே “எனக்கு இந்தியாவில் மருத்துவம் படிக்க வேண்டும்” என்று சொன்னால் அவர் வழி பார்ப்பார். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

தமிழ் விஷயமும் அப்படித்தான். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று தமிழ். ரயில் நிலையப் பலகையில்கூட இருக்கும். ஆனால் என் பள்ளியில் ஐபிக்குத் தமிழாசிரியர் கிடையாது. அதனால் தமிழ் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தாய்மொழி இலக்கியத்தைத் தானாகவே படித்து எழுத ஐபியில் ஒரு வழி உண்டு, எஸ்.எல். நிலையில் மட்டும். நான் அதைத்தான் எடுத்தேன். வாரத்துக்கு ஒரு முறை இணையத்தில் ஓர் ஆசிரியை, மற்ற நாளெல்லாம் நானும் புத்தகமும். விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தில் சனிக்கிழமைகளில் போய் உட்காருவேன். அங்கே தமிழ்ப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தபோதுதான் எனக்கு மூச்சு சீரானது. ஆறு பாடத்தில் ஒன்றிலாவது நான் நினைப்பதும் எழுதுவதும் ஒரே மொழியில் இருந்தது.

சரி, டிசம்பருக்கு வருகிறேன்.

முதல் வருஷ விடுமுறைக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுக்கவில்லை, செலவு அதிகம். வகுப்புத்தோழி ஒருத்தி வீட்டில் தங்கினேன். சீனக் குடும்பம், பாட்டியும் உடன் இருந்தார். 2023 டிசம்பர் 17, 18. அந்தத் தேதிகளை நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. தாமிரபரணி கரை மீறி ஓடுவதை நான் போனில் வீடியோவாகப் பார்க்கிறேன், எங்கள் வீட்டுக்கு மட்டும் லைன் போகவில்லை. தோழியின் அம்மா மூன்று தடவை “எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா?” என்று கேட்டார். மூன்று தடவையும் நல்லபடியாக இருக்கிறது என்றேன். விருந்தாளியாகப் போன வீட்டில் அழுது அவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற எண்ணம். பின்கட்டில் துணி துவைக்கும் மெஷின் இருந்தது. அது ஓடும்போது அங்கே போய் நின்று அழுதேன்.

பாட்டிதான் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒரு கிண்ணம் கஞ்சியை முன்னால் வைத்தார். அரிசிக்கஞ்சிதான், மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். நான் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். “என் ஊர்” என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் அந்த வீடு முழுக்க என்னோடு சேர்ந்து போன் போட்டது. மறுநாள் மத்தியானம் சித்தப்பா நம்பருக்கு லைன் கிடைத்து, அம்மாவின் குரலைக் கேட்டேன். முற்றம் வரைக்கும் தண்ணீர் வந்து வடிந்திருந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்றரை நாள் நான் தனியாகச் சுமந்ததை அவர்களும் சேர்ந்து சுமந்திருப்பார்கள். நான்தான் கொடுக்கவில்லை.

அந்தக் கஞ்சிக்குப் பிறகு வீட்டுக்குப் பேசுவதையும் மாற்றினேன். அதுவரை தினமும் ராத்திரி பேசி, “நல்லா இருக்கேம்மா” என்று ஒரே வார்த்தையில் முடிப்பேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மா வேலை முடித்து 9 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 11.30, விளக்கணைக்கும் நேரம் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். நல்லது ஒன்று, கஷ்டம் ஒன்று, இரண்டையும் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. அம்மாவும் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினாள். அப்படி அவள் என்னிடம் பேசியது என் பதினாறு வயது வரை இல்லை.

ஐபியில் படைப்பு, உடற்பயிற்சி, சேவை என்று மூன்று வகைச் செயல்பாடும் கட்டாயம். சேவைக்கு நான் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு. கட்டுமான வேலை செய்யும் அண்ணன்கள், நாற்பது தாண்டியவர்களும் உண்டு. முதல் நாள் நான் புத்தகத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். பள்ளியில் மற்ற ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் முன்னால் நம்ம ஊர்ப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று பழகியிருந்த தமிழ் அது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர், “நீ எந்தூரு தாயி?” என்றார். சேர்மாதேவி என்றேன். “நம்ம பக்கந்தானா? நான் நாங்குநேரில்லா! பொறவு எதுக்கு ரேடியோல பேசுத மாதிரி பேசுத?” என்று கேட்டார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஊர்க்காரியைக் கண்ட சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் நான் வீட்டில் பேசுவதைப் போலவே பேசினேன்.

அந்த அண்ணனிடம் நான் படித்த பாடம் பெரியது. ஒரு சொல் புரியவில்லை என்றால் கையைத் தூக்குவார். “இன்னொரு தடவ சொல்லு தாயி” என்பார். நான்கு தடவை வேண்டுமானாலும் கேட்பார். ஆறு நாள் வெயிலில் வேலை பார்த்துவிட்டு ஏழாவது நாள் வந்து உட்கார்ந்திருக்கிறவர், புரியாமல் எழுந்துபோக அவருக்கு மனம் இல்லை. அடுத்த நாள் கணித வகுப்பில் நான் கையைத் தூக்கினேன். “இன்னொரு முறை சொல்ல முடியுமா?” குரல் நடுங்கியது. ஆசிரியர் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த பையனும் அப்போதுதான் எழுதத் தொடங்கினான்.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ பலகையை மட்டும் நம்பாமல், மீன் சாஸ், சிப்பி சாஸ், முட்டை சேர்த்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்புறம், விடுதிச் சமையலறையைக் கேட்டு வாங்கி ஒரு நாளாவது சொதி வையுங்கள். தேங்காய் லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையில் கிடைக்கும். நான் வைத்த முதல் சொதியில் பால் திரிந்துவிட்டது. ஆனாலும் அறைத்தோழி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள், எங்கள் ஊரிலும் தேங்காய்ப்பால் குழம்பு உண்டு என்று மொம்பாசா பற்றிப் பேசினாள்.

நீண்ட கட்டுரை, 4,000 சொல். பலர் பெரிய தலைப்பாகத் தேடுகிறார்கள். என் தலைப்பு என் படுக்கையிலேயே இருந்தது: பாய்க்கான கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஏன் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள்? விடுமுறையில் பத்தமடைக்குப் போய் நெய்கிற அம்மா ஒருவரிடம் கேட்டேன். பக்கத்து ஊரில் பதினாறு வருஷம் இருந்தும் கேட்காத கேள்வி. அவர் ஊறிய கோரை ஒன்றையும் ஊறாதது ஒன்றையும் எடுத்து என் கையில் கொடுத்து, “கிழிச்சுப் பாரு” என்றார். ஊறியது நூல் மாதிரி பிரிந்து வந்தது, மற்றது பாதியில் ஒடிந்தது. என் கட்டுரையின் ஆய்வுக்கேள்வி அங்கேதான் பிறந்தது.

போன வாரம் களக்காட்டிலிருந்து ஒரு தங்கச்சி அவள் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். இந்த ஆகஸ்டில் அதே விடுதிக்குப் போகிறாள். அவள் அம்மா குக்கர் கொண்டுபோகலாமா, தலைக்கு என்ன எண்ணெய் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிள்ளை வாயே திறக்கவில்லை. செருப்பு போட வாசலுக்கு வந்தபிறகு, அம்மா முன்னால் நடந்ததும் திரும்பி, “அக்கா, அங்க அழணும்னு தோணுச்சுன்னா எங்க போகணும்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இரண்டாவது மாடியில் துணி துவைக்கிற அறை இருக்கிறது, மெஷின் ஓடினால் சத்தம் வெளியே கேட்காது என்றேன். அதற்கு எதிர்க்கதவு விடுதிப் பொறுப்பாளர் அறை, கதவைத் தட்டினால் எந்நேரமும் திறப்பார் என்றும் சொன்னேன். “ராத்திரி ரெண்டு மணிக்கும் தட்டலாமா?” என்றாள்.

“தட்டலாம். நான் தட்டியிருக்கேன்.”