மாமக் கடை மேசையில் இனப் பொருளாதாரம் பேசுவது எப்படி

மலேசியாவில் மாமக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், நம்மவர்கள் நாலு பேர் டீ குடிக்க உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ அங்கேதான் வந்து நிற்கும். மலாய்க்காரருக்கு அரசாங்கம் இருக்கிறது, சீனருக்குப் பணம் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது? உடனே ஒரு மாமா "நம்ம ஆளுங்க குடிச்சே அழிஞ்சாங்க" என்பார். எதிரே இருக்கும் தம்பி "எல்லாம் மலாய்க்காரங்களுக்குக் கொடுத்த கோட்டாவால வந்தது மாமா" என்பான். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் இப்படியே விடிய விடியப் பேசினாலும் இருந்த இடத்தில்தான் இருப்போம்.

முதலில், எந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று மேசையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வருமானமா, சொத்தா, படிப்பா? 2022 புள்ளிவிவரப்படி, குடும்பங்களை வருமான வரிசையில் நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானம் சீனர்களில் 8,167 வெள்ளி (ரிங்கிட்), இந்தியர்களில் 6,627, பூமிபுத்ராக்களில், அதாவது மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும் சேர்ந்த பிரிவில், 5,793. நாம்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இந்தியர்களில் பெரும்பாலோர் பட்டணத்தில் இருக்கிறார்கள், வாடகையும் கார் கடனும் பட்டணத்து விலை. அதோடு "இந்தியர்" என்ற ஒரே பெட்டிக்குள் டாக்டரும் வக்கீலும் லாரி ஓட்டுநரும் பாதுகாவலரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். நடுவில் நிற்கும் குடும்பத்தை மட்டும் பார்த்தால் கீழே இருப்பவர் கண்ணில் படமாட்டார்.

அடுத்தது, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பூமிபுத்ராக்களுக்குக் கோட்டா கொடுத்த புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது 1971இல், 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு. 1970இலேயே தீபகற்பத்தில் மலாய்க் குடும்பங்களில் 64.8 விழுக்காடும், இந்தியக் குடும்பங்களில் 39.2 விழுக்காடும், சீனக் குடும்பங்களில் 26 விழுக்காடும் வறுமையில் இருந்தன. அப்படியானால் நம் வறுமையைக் கோட்டா உண்டாக்கவில்லை, அதற்கு முன்பே அது இருந்தது. ஆனால் அதை நீடிக்க விட்டது எது என்பது வேறு கேள்வி, அங்கே கொள்கைக்குப் பங்கு உண்டு. உண்டாக்கியது எது, நீடிக்க வைத்தது எது, இந்த இரண்டையும் பிரித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக, ஒரே இனத்துக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வந்தார்கள். தமிழகத்திலிருந்து கங்காணி (தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேற்பார்வையாளர்) கூட்டி வந்தவர்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனார்கள். பேசுவது ஒரே தமிழ், கும்பிடுவது ஒரே முருகன். இரத்தமோ பண்பாடோதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. வந்த வழியும் கையில் இருந்த படிப்பும்தான் வேறு.

சொத்து பற்றிப் பேசும்போது லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டி விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) விட்டுவிட்டு, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) ஓடுவார், பிறகு நெற்றி விளக்கோடு மரம் வெட்டப் போவார். நாற்பது வருஷம் வாழ்ந்த வீடு, வாசலில் அவரே நட்ட முருங்கை, ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டம் கைமாறிய நாளில் வேலை, வீடு, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் ஒரே கடிதத்தில் போயின. 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டத்தில் குடியேறியவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், ஆளுக்குச் சுமார் 10 ஏக்கர் நிலம் ஒதுக்கினார்கள். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட சீனப் புதுக்கிராமத்து மக்கள் பட்டது கொஞ்சமில்லை, ஆனாலும் பின்னாளில் பலருக்கு வீட்டுமனைக்கு ஒரு பத்திரமாவது கிடைத்தது. தோட்டத்து ஆளுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. 1960இல் ம.இ.கா. என்ற இந்தியர் கட்சியின் தலைவர் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தோட்டங்களை வாங்கியது இதைத் தடுக்கத்தான், ஆனால் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற வேகத்துக்கு அது போதவில்லை.

சரி, குடி? தட்டிக்கழிக்காதீர்கள், மாமா சொல்வது கண்ணால் கண்டதைத்தான். ஆனால் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்தது, லயத்துக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது வறுமையின் விளைவாகவும் வந்தது, அடுத்த தலைமுறையின் வறுமைக்குக் காரணமாகவும் ஆனது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், தப்பில்லை.

மலாய் நண்பர் மேசையில் இருந்தால் மலாய்க் குடும்பங்களின் அந்த 64.8 விழுக்காட்டு வறுமையை நீங்களே முதலில் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் அவர்களை நெல் வயலிலேயே இருக்கச் சொல்லி, நெல் நிலத்தில் ரப்பர் போடக்கூடாது என்று சட்டம் வைத்துவிட்டு, அப்புறம் சோம்பேறி என்று பட்டமும் கொடுத்தான். அவர் தாத்தாவின் கஷ்டத்தை நீங்கள் ஒப்புக்கொள்ளாதவரை உங்கள் பாட்டியின் கஷ்டம் அவர் காதில் ஏறாது. எல்லாச் சீனரும் தவுக்கே (முதலாளி) இல்லை என்பதற்கும் இதே மரியாதை கொடுங்கள்.

மெட்ரிகுலேஷன் 90க்கு 10 (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில் பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு இடம், மற்றவர்களுக்கு 10) பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள், அது தீர்வு பற்றிய விவாதம். காரணத்தில் ஒத்துப்போகிறவர்கள்கூட, உதவி இனம் பார்த்தா தேவை பார்த்தா என்பதில் பிரிவார்கள். அதைத் தனியாக இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பேச்சு சூடாகிவிட்டால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "மாமா, உங்க அப்பா தோட்டத்தை விட்டு வந்தது எந்த வருஷம், அப்ப கையில என்ன இருந்துச்சு?" போன மாதம் கேட்டேன். ஒரு இரும்புப் பெட்டி, ஒரு தையல் மெஷின், அம்மன் படம் என்று எண்ண ஆரம்பித்தவர் டீ ஆறும்வரை நிறுத்தவில்லை, குடியைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவே இல்லை.