வயதும் மணியும் பிரியுமா: நெல்லில் பிணைந்த பண்புகளைச் சோதித்தறியும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத் தொண்டி, திருவாடானைப் பகுதியில் புரட்டாசியில் புழுதி விதைப்பாக இறங்கும் நெல், வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, கண்மாய் வற்றுவதற்குள் முற்றியாக வேண்டும். ஆகவே இங்கு வயது குறைந்த ரகமே தேவைப்படுகிறது. ஆனால் வயது குறைந்தால் கதிரில் மணியும் குறையும் என்பது விவசாயிகளின் அனுபவம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒரே மரபணு இரு பண்புகளையும் ஆளலாம். அல்லது ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்த இரு மரபணுக்கள் சேர்ந்தே சந்ததிக்குப் போகலாம். முதல் வகைக்குச் சான்றாக 2008-இல் வெளியான ஆய்வொன்று, ஏழாம் குரோமோசோமிலுள்ள ஜிஹெச்டி7 என்னும் மரபணு, பகற்பொழுது நீளும்போது கதிர் வருவதைத் தாமதப்படுத்தி, பயிரின் உயரத்தையும் கதிரின் மணிகளையும் கூட்டுவதைக் காட்டியது. இரண்டாம் வகையானால் பிணைப்பைப் பிரிக்க இயலும்.

சோதனைக்குப் பரமக்குடியில் உருவான, ஏறத்தாழ 100 முதல் 105 நாள் வயதுள்ள அண்ணா 4 ரகத்தையும், மணி மிகுந்த நீண்ட வயது ரகம் ஒன்றையும் பெற்றோராகக் கொள்ளலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காது என்பதால் குறுகிய வயது ரகத்தைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை விதைப்பது நல்லது. மாலையில் பெண் பூவின் ஆறு மகரந்தப் பைகளையும் நீக்கி உறையிட்டு, மறுநாள் முற்பகலில் மற்றதன் மகரந்தத்தைத் தூவ வேண்டும். இவ்வாறு கிடைக்கும் முதல் தலைமுறைச் செடிகள் தாமே விளைவித்த விதையிலிருந்து, இரண்டாம் தலைமுறையில் குறைந்தது 200 செடிகளை ஒரே நாளில் விதைக்க வேண்டும்.

இனி வருவதுதான் கவனம் வேண்டிய இடம். ஒவ்வொரு செடிக்கும் அட்டை கட்டி, முதல் கதிரின் நுனி உறையிலிருந்து வெளிப்பட்ட நாள், கதிர் தாங்கிய தூர்கள், தாய்க்கதிரின் நிறைமணி, பதர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கடலோர நிலத்தில் உவர் திட்டுத்திட்டாகப் படிவதாலும், உவர் கதிர் வருவதைத் தாமதப்படுத்திப் பதரையும் பெருக்குவதாலும், மரபுக்குத் தொடர்பே இல்லாத ஓர் உறவு கணக்கில் புகுந்துவிடும். எனவே பெற்றோர் வரிசைகளை வயலெங்கும் இடையிடையே நட வேண்டும். ஒரே ரகத்துக்குள் தெரியும் ஏற்றத்தாழ்வு நிலத்தால் வந்தது என்று கொண்டு, அதை ஒதுக்கிய பிறகே இரண்டாம் தலைமுறையை மதிப்பிட வேண்டும். வரப்போரச் செடிகளைச் சேர்க்கக் கூடாது.

பருவத்தையும் மாற்றக் கூடாது. இங்கு ஆனியில் பகல் சுமார் 12 மணி 40 நிமிடமும் மார்கழியில் சுமார் 11½ மணியும் ஆகையால், பகலளவை உணரும் மரபணுக்கள் இரு பருவங்களிலும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை.

கணக்கு இப்படிப் போகும். இரு மரபணுக்களுக்கிடையே பத்து விழுக்காடு மறுசேர்க்கை, அதாவது பிணைப்பு அறுந்து புதிதாய்ச் சேர்வது, நடப்பதாகக் கொள்வோம். குறுகிய வயதும் மிகுமணியும் இரட்டையாய், அதாவது மகரந்தம், சூல் இரண்டின் வழியாகவும் வந்து, அமைந்த செடி, 400-இல் ஒன்றுதான் வரும். 200 செடிகளில் அது கிடைக்காமல் போனால் வியப்பில்லை. அதற்காகச் சோதனை தோற்றது என்று மூடிவிடுவது அவசரமாகும். அதே 200-இல், குறுகிய வயது மரபணு இரட்டையாயும் மிகுமணி மரபணு ஒற்றையாயும் உள்ளவை ஒன்பது செடிகள் வரை எதிர்பார்க்கலாம். குறுகிய வயது இரட்டையாய் அமைந்தால்தான் வெளிப்படும் எனக் கொண்டு, முன்கூட்டிக் கதிர்விட்ட ஏறத்தாழ 50 செடிகளின் விதையையும் தனித்தனி வரிசையாக அடுத்த புரட்டாசியில் விதைத்தால், அந்த ஒன்பதின் வரிசைகளில் கால் பங்குச் செடிகள் இரு பண்புகளையும் நிலையாகத் தாங்கி நிற்கும். மாறாக, ஆயிரக்கணக்கான செடிகளிலும் அப்படி ஒன்று தோன்றாவிட்டால் ஒரே மரபணு என்ற ஐயம் வலுக்கும். எனினும் நெல்லில் ஒரு சென்டிமார்கன் தொலைவு (மறுசேர்க்கை ஒரு விழுக்காடு நடக்கும் இடைவெளி) சராசரியாக இரண்டரை லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் அளவு விரிந்து பல மரபணுக்களை உள்ளடக்கும் என்பதால், டிஎன்ஏ அடையாளக் குறிகளைக் கொண்டு அந்தப் பகுதியை மேலும் சுருக்கிய பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும்.